எதிர்ப்பக்கமாய் ஒரு கிரிவலம்

அது வைகாசிப் பௌர்ணமியா, ஆனிப் பௌர்ணமியா என்பது இப்போது சரியாக நினைவில்லை. வெயில் தாழ்ந்திருந்தது. கிரிவலப் பாதையில் ஊரே ஒரு பக்கமாகப் போக, மணிமொழி மட்டும் எதிர்ப்பக்கமாக நடந்து வந்தாள்.

"ஏங்க்கா, இந்த மாசமும் தப்பான பக்கமாவா? மலையை வலமாத்தான் சுத்தணும்னு எனக்கே தெரியுது!" என்றாள், அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் முன்னி பேகம்.

"சக்கரையைக் கம்மியா போடு. போன தடவை டீயா அது? பாயசம்."

"உங்க வாய் இருக்கே!" முன்னி சிரித்தாள். "முன்னெல்லாம் பொண்ணோட வருவீங்களே, அது எங்க?"

"தனியா இருக்கா. எப்பவும் குறை சொல்றவங்களை விட்டுத் தள்ளி இருந்தாத்தான் நிம்மதினு சொன்னா."

"அதான் நீங்களும் கூட்டத்தோட சேராம வர்றீங்களா?"

மணிமொழி கூட்டத்தில் யாரையோ கண்டதும் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மகள் கவிநிலா தோழிகளோடு சிரித்துக்கொண்டே கடையைக் கடந்து போனாள். 'ஏன்டி இப்படி இளைச்சுட்டே' என்பது நாக்கு நுனிவரை வந்தது. மணிமொழி அதை டீயோடு விழுங்கினாள்.

"உங்க பொண்ணுதானேக்கா? கூப்பிடுங்க!"

"வேணாம் முன்னி. அவ தள்ளி வெச்சது என்னைத்தான். கூட்டத்தோட போனா அவ முதுகுகூடக் கண்ணுல படாது. எதிர்ல வந்தாத்தான் மாசத்துக்கு ஒரு தடவையாவது மூஞ்சியைப் பார்க்க முடியுது."

மறு வருடம் கவிநிலா வேலை மாறி பெங்களூருக்குப் போய்விட்டாள். முன்னி பேகம் அதே இடத்தில்தான் கடை வைத்திருக்கிறாள். மணிமொழி இப்போதெல்லாம் எல்லோரையும் போலச் சரியான பக்கமாகவே மலையைச் சுற்றுகிறாள்.