டயருக்கு ஏது மூக்கு

காலை எட்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதும்போதே இஞ்ஞாசி கடைக்குள் வந்து நின்றான். லாரி பட்டறைகளுக்குக் கம்ப்ரசர் விற்கிற கடை அது. ஒரு வருடமாக விலைபோகாமல் கிடக்கும் மெஷினை இவன் தலையில் கட்டிவிடுவதென்று முதலாளி ஜீவமணி அப்போதே முடிவு செய்துவிட்டார்.

“தூக்கிக்கிட்டுப் போற மாதிரி வேணும், அண்ணாச்சி. கரண்ட் இல்லாத இடம்.”

“இது பெட்ரோல்ல ஓடும். ஏர் கன்னை மாட்டினா லாரி சக்கரத்து நட்டெல்லாம் நிமிசத்துல கழண்டுரும்.”

கயிற்றை இழுத்து ஓடவிட்டார். இஞ்ஞாசி குழாய் முனையை முகத்தருகே கொண்டுபோனான்.

“எண்ணெய் வாசம் அடிக்கே?”

“டயருக்கு ஏதுலே மூக்கு?” தன் பகடிக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

“விடாம எவ்வளவு நேரம் ஓடும்?”

“நட்டு கழட்டப் போறியா, நவநாள் செபம் சொல்லப் போறியா? சூடானா நின்னுரும். ஒரு டீயைக் குடிச்சிட்டு வந்து திரும்ப இழு.”

இஞ்ஞாசி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

“குழாய் இதுபோலப் பத்து பாகம் வேணுமே.”

“லாரியைக் காயல்பட்டினத்துல நிறுத்திட்டு இங்கன இருந்து காத்தடிப்பியோ? வாரான் பாரு, மெக்கானிக்குன்னு! உன் பட்டறை எங்கனலே இருக்கு?”

“பட்டறை இல்ல, அண்ணாச்சி. மெஷினு வள்ளத்துல ஓடும். நான் சங்கு குளிக்கக் கடலுக்கடியில கிடப்பேன். குழாய் முனை என் வாயில இருக்கும். இப்பச் சொல்லுங்க, இதையே எடுத்துக்கிடவா?”