படத்தில் அடித்த ஆணி

போர்ச்சங்கு அலறியதில் சுவரே அதிர்ந்தது. விண்படம் வரையும் செண்பகம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பேரரசர் அரிகேசன் தளபதியோடு உள்ளே வந்துவிட்டார். பதினான்கு கோள்களை எரித்தவர். அரியணைக்காக இரண்டு அண்ணன்களைக் கொன்றவர். தப்பியோடிய தங்கையின் தலைக்கு ஒரு நிலவையே பரிசாக அறிவித்திருப்பவர்.

ஒவ்வொரு படையெடுப்புக்கும் முன்னால், சுவரில் தொங்கும் விண்படத்தில் குங்குமம் தோய்த்த கட்டைவிரலை வைப்பார். விரல் பட்ட கோள் மறுவாரம் சாம்பல். படத்தில் தெரியாத கோளுக்குக் கப்பல்கள் போவதில்லை. தன் மகள் வாழும் சின்னஞ்சிறு கோளின் மேல்தான், படத்தை மாட்டும் அகலத் தலை ஆணியைச் செண்பகம் அடித்து வைத்திருந்தாள். ஆறு வருடமாக, தினமும் காலையில் அந்த ஆணியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டே வேலையைத் தொடங்குவாள்.

சங்கின் அதிர்வில் இன்று அந்த ஆணி தளர்ந்திருந்தது. அடியில் நீலப் புள்ளியின் ஓரம் தெரிந்தது. அரிகேசனின் விரல் அங்கே வந்து நின்றது.

"தளபதி, வெளியே இரும்."

கதவு மூடியது. செண்பகம் காலில் விழுந்தாள். "என் பொண்ணு அங்க இருக்கா, அரசே. பொறுத்துக்கணும்."

அரிகேசன் மேசையிலிருந்த சுத்தியலை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நீ நல்லா இருப்ப, தாயி. இறுக்கி அடி. என் தங்கச்சியும் அங்கதான் இருக்கா."