தொட்டிக்கு இரண்டடி தள்ளி

நர்சரிக்கு வந்த அருள்தாஸ், "சீக்கிரம் வளர்றது எது?" என்று கேட்டதும் தூங்குமூஞ்சிக் கன்று இலைகளை விரித்துக் காட்டியது. அவர் அதை வாங்கி வந்து, வீட்டின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டடி தள்ளி நட்டார்.

ஐந்தே வருஷத்தில் மாடிவரை நிழல். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் பெருமையாகக் காட்ட, மரத்துக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறாம் வருஷம் வேர் நெருக்கித் தொட்டி விரிசல் விட்டது. மரம் வெட்ட ஆள் வந்து, கிளையில் கயிறு கட்டினான்.

"வளரத்தானே என்னைக் கூட்டி வந்தார்?" என்றது மரம்.

"நீ மேலே வளர்ந்ததை அவர் பார்த்தார். கீழே வளர்ந்ததை நான்தான் பார்த்தேன்," என்றது தொட்டி.

வாசலில் அருள்தாஸ் நர்சரிக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த மரம் போனா வெயில் தாங்காதுங்க. சீக்கிரம் வளர்றது என்ன இருக்கு?"