பொட்டலத்தில் வந்த பாடி

"இது உங்க சாமானுங்களா, சம்பந்தி?"

குப்புராஜ் பாயின் மேல் எடுத்துப் போட்டது, பெண்கள் ரவிக்கைக்குள் போடும் வெள்ளைப் பாடி.

மாப்பிள்ளையின் அப்பா முனியப்பன் அதை எட்டிப் பார்த்தார்.

"காரிமங்கலத்துல தையக்கார அஸ்கரி பேகம், எங்க பொண்ணு ரவிக்கையோட இதையும் சேர்த்துக் கட்டிட்டாங்க. கேட்டா, மாப்பிள்ளையோட அப்பா தைக்கச் சொன்னதுங்கறாங்க."

கூத்தில் பெண் வேஷம் கட்டியே பேர் வாங்கியவர் முனியப்பன். பெண்ணின் தாய்மாமன் குப்புராஜுக்கு அதுதான் உறுத்தல். வேஷத்தை விட்டால்தான் பெண் என்று சொல்லிவிட்டார். முனியப்பனும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். வியாழக்கிழமை கல்யாணம்.

"சத்தியம் பண்ணிட்டு, கல்யாண வூட்டுல வேஷ பாடி தைக்கறீங்க. நாங்க என்ன கேணையனுங்களா?"

"தைக்கச் சொன்னது நாந்தானுங்க."

மாப்பிள்ளை ராஜப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. மின்சார ஆபீஸில் வேலை கிடைத்தும் ஊருக்கு அவன் வேஷக்காரர் பையன்தான்.

"எதுக்குன்னு சொல்லித் தொலைப்பா. கல்யாணம் நின்னு போயிரும்."

முனியப்பன் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

குப்புராஜ் பாடியைத் தூக்கிப் பிடித்தார். "நல்லாப் பாருங்க. ஒரு பக்கம் பஞ்சு, அதுக்கு நடுவுல கேழ்வரகு முடிச்சு வேற. இன்னொரு பக்கம் சும்மாக் கிடக்குது. பாதித் தையல்லயே மாட்டிக்கிட்டாரு. பொண்ணு இல்லைங்க, நான் கிளம்பறேன்."

உள்ளேயிருந்து முனியப்பனின் மனைவி தங்கம்மாள் வந்தாள். மெட்ராஸில் வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து முந்தானையைப் போர்த்திக்கொண்டு அடுப்படியிலேயே கிடந்தவள். மகன் கல்யாணத்தில் மேடைக்குக்கூட வரமாட்டேன் என்றிருந்தாள்.

"வேணாம் தங்கம்," என்றார் முனியப்பன்.

"நீங்க சும்மா இருங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு உங்க வாயைக் கட்டினது நான். நானே சொல்றேன்."

குப்புராஜின் கையிலிருந்து பாடியை வாங்கிக்கொண்டாள்.

"வெறும் பஞ்சு வெச்சா கனமில்லாம மேல ஏறிக்கும். கேழ்வரகு வெச்சாத்தான் எடத்துல நிக்கும். வேஷம் கட்டின மனுஷனுக்கு அது தெரியாதுங்களாண்ணா?"

"அப்ப வேஷத்துக்குத்தானே?"

தங்கம்மாள் போர்த்தியிருந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நிமிர்ந்து நின்றாள்.

"இது பாதித் தையல் இல்லைங்கண்ணா, முழுசா முடிஞ்சது. டாக்டர் எடுத்தது வயித்துக் கட்டி இல்ல, என்னோட ஒரு பக்கத்து மாரு. எம்பையன் கல்யாணத்துல நான் முன்னால நிக்கணும்னு இவரு எனக்குத் தைக்கச் சொன்னாரு. வியாழக்கிழமை நிப்பேன். யார் வேணா பாத்துக்கட்டும்."

ராஜப்பன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

குப்புராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல நீங்க மேடை ஏறுங்க, தங்கச்சி. அப்புறந்தான் எங்க பொண்ணு ஏறும்."