படிகாரப் பரீட்சை

மும்பை செம்பூரில் ஆட்டோ ஓட்டும் செல்லப்பாண்டிக்கு அன்று காலையில் சாயா இறங்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரி பிராக்டிகல்.

அடுக்களை மேடையில் இரண்டு டம்ளர் கலங்கல் தண்ணீர். ஒன்றில் உப்பும் மற்றதில் படிகாரமும் ஒரே அளவு போட்டிருந்தது.

“படிகாரம் போட்டதுல சேறு திரண்டு அடியில உக்காந்துட்டு, பாத்தியா?” என்றாள் மனைவி இசக்கிசெல்வி. “சேத்துத் துகளெல்லாம் மைனஸ். ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே மெதக்கும். படிகாரத்துல அலுமினியத்துக்கு மூணு பிளஸ்ஸு. அதான் சட்டுனு சேத்து வச்சிருது. உப்புல சோடியத்துக்கு ஒரு பிளஸ்ஸுதான். அதைக் கை நிறைய அள்ளிப் போடணும்.”

மகள் பவித்ரா போனை நோண்டிக்கொண்டே கொட்டாவி விட்டாள்.

“ஏட்டி, பரீட்சை நேரத்துல போன் என்ன போன்?” என்று அதட்டினார் செல்லப்பாண்டி.

“எல்லாம் பக்காப்பா. டென்ஷன் மத் லோ, சும்மா பதறாதீங்க.”

தேர்வு மைய வாசலில் வாட்ச்மேன் இசக்கிசெல்வியை மறித்து, வெளியே நிற்கும்படி கை காட்டினார். “பேரன்ட்ஸ் பாஹர் ருக்கோ!”

“அங்கிள், ஸ்டூடன்ட் இவங்க. பேரன்ட் நான்!” என்று இந்தியில் சொல்லிச் சிரித்தாள் பவித்ரா.

இசக்கிசெல்வி ஹால் டிக்கெட்டை நீட்டினாள். கல்யாணத்துக்காக இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பாதியில் விட்ட படிப்பு.

“டெஸ்ட் டியூபை உடைச்சிராதம்மா!” என்று கத்தினாள் பவித்ரா.

இசக்கிசெல்வி திரும்பி மகளை முறைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, யூனிஃபார்ம் பிள்ளைகளின் வரிசையில் போய் நின்றாள். வாசலில் நின்ற செல்லப்பாண்டிதான் “அலுமினியத்துக்கு மூணு பிளஸ்ஸு, சோடியத்துக்கு ஒரு பிளஸ்ஸு” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.