கோணல் முக்கோணம்

சனிக்கிழமை மதியம் ஆறாம் வகுப்பு அறையில் ஐந்து கணக்கு ஆசிரியர்கள் முழங்கால் இடிக்க, பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை இப்படித்தான், பாடத்தில் இல்லாத கணக்கைப் போட்டு விளையாடுகிறார்கள். "எந்த முக்கோணமா இருந்தாலும் சரி, மூணு பக்கத்து மேலயும் வெளிப்பக்கமா ஒரு சமபக்க முக்கோணம் போடுங்க. அந்த மூணோட மையத்தையும் சேர்த்தா இன்னொரு சமபக்க முக்கோணம் வருமாம்" என்கிறார் கண்ணாடி சார். "என்கிட்டயேவா?" என்று, இருபத்தாறு வருஷமாக வடிவியல் நடத்தும் டீச்சர் வேண்டுமென்றே ஒரு கோணல்மாணல் முக்கோணத்தை வரைகிறாள். ஜன்னல் வெயில் தாளில் சரிந்து கிடக்கிறது. மையங்களைச் சேர்த்து, கவராயத்தை விரித்து அளக்கிறாள். மூன்று பக்கமும் ஒரே அளவு, மயிரிழை பிசகவில்லை. இதைவிடக் கோணலாக இன்னொன்று வரைகிறாள். அதிலும் அப்படியே. மற்ற நான்கு தாள்களையும் எட்டிப் பார்க்கிறாள். ஒவ்வொரு கோணலுக்கு நடுவிலும் அந்த நேர்த்தி அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. காரணம் கேட்ட பிள்ளைகளையெல்லாம் "அது பரீட்சைக்கு வராது, உக்காரு" என்று அடக்கிய வாய் மெல்லத் திறக்கிறது. "ஏன் இப்படி வருது?" கேட்ட பிறகுதான் கவனிக்கிறாள், தன் வலது கை தலைக்கு மேல் உயர்ந்து நிற்பதை. கரும்பலகை முன்னால் யாருமே இல்லை.