பின்சீட்டில் ஒருவர்

"நிறுத்தினா நீ செத்துடுவ, நோரீன்."

சொன்னானே தவிர, ஓரெஸ்ட்டின் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. சாலையோரப் பள்ளத்தில் ஒரு சாம்பல் நிறக் கார் மூக்குக் குத்தி நின்றது. உள்ளே ஒருவர் ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து கிடந்தார்.

"அப்படியே விட்டுட்டா போறது? போய்ப் பாரு," என்றாள் நோரீன். அவள் இடது கையில் சுற்றியிருந்த துண்டு முழுக்கச் சிவப்பு. கோதுமையைக் களஞ்சியத்தில் ஏற்றும்போது இயந்திரம் கையை இழுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதனால்தான் ஓரெஸ்ட்டே பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தான்.

அந்த மனிதருக்கு அறுபது வயதிருக்கும். உடம்பில் காயமில்லை. முகம் வெளுத்து, வியர்த்துக் கொட்டியது. வலது கை நெஞ்சைப் பிடித்திருந்தது. ஓரெஸ்ட் அவரைத் தூக்கி வந்து பின்சீட்டில் கிடத்தினான்.

"உன் இரக்கத்துக்கு அஞ்சு நிமிஷம் போச்சு."

"உன் வாய்க்கு இன்னொரு நிமிஷம் போகுது. ஓட்டு."

பின்னாலிருந்து குரல் வந்தது. "துண்டை அவிழ்க்காதீங்கம்மா... அதுக்கு மேலயே இன்னொண்ணு... இறுக்கிச் சுத்துங்க. கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க." ஒவ்வொரு வார்த்தைக்கும் அவருக்கு மூச்சு வாங்கியது.

ஓரெஸ்ட் கழுத்துத் துணியை உருவிக் கொடுத்தான். நோரீன் ஒரு கையாலும் பல்லாலும் இறுக்கினாள்.

"ஏழு மணி... ஆயிடுச்சா?"

"ஒன்பதரை சார். பேசாம படுங்க," என்றான் ஓரெஸ்ட். அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்ல முடியவில்லை.

ஊர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. டாக்டர் இல்லாததால் இன்று மூடல். அடுத்த ஆஸ்பத்திரி எண்பது கிலோமீட்டர்.

ஓரெஸ்ட் கதவை உடைப்பதுபோலக் குத்தினான். நர்ஸ் மார்லிஸ் திறந்தாள்.

"டாக்டர் எங்கே?"

"வரலீங்க. ஃபோனும் எடுக்கலை. அவர் இல்லாம நாங்க திறக்கக் கூடாது."

"எந்த மெத்தையில தூங்கறான் அந்த மகராசன்? வண்டியில ரெண்டு உயிர் கிடக்குது!"

மார்லிஸ் வண்டிக்கு ஓடினாள். முதலில் நோரீனின் கையைப் பார்த்தாள். "ரத்தம் நின்னிருக்கு. நீங்க தாங்குவீங்க," என்றாள். பிறகு பின்கதவைத் திறந்தாள்.

திறந்த கை அப்படியே நின்றது. ஒரு கணம்தான். அடுத்த கணம் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிக் கத்தினாள், இன்னொரு நர்ஸ் ஓடிவந்தாள், இருவருமாக அவரைத் தரையில் இறக்கினார்கள்.

அவருக்கு மூச்சு நின்றிருந்தது. மார்லிஸ் அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். எண்ணிக்கொண்டே அழுத்தினாள். கை சோர்ந்தபோது மற்றவள் அழுத்தினாள், மறுபடி இவள். மின்அதிர்ச்சி மூன்று முறை கொடுத்தார்கள். மார்லிஸின் கண்ணீர் அவர் சட்டைமேல் சொட்டிக்கொண்டிருந்ததை ஓரெஸ்ட் பார்த்தான். முன்பின் தெரியாதவருக்காக இப்படி அழுகிறாளே என்று நினைத்தான்.

நாற்பது நிமிடம் கழித்து நிறுத்தினார்கள். மார்லிஸ் தன் மேல்சட்டையைக் கழற்றி அவர் முகத்தை மூடினாள்.

நோரீன் வண்டிக் கதவைப் பிடித்தபடி அழுதாள். ஓரெஸ்ட்டுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"அந்த டாக்டர் மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா, இவர் பொழைச்சிருப்பார் இல்ல?"

மார்லிஸ் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அந்த டாக்டரே இவர்தாங்க."